கடலில் விழுந்த படச்சுருள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லீலண்ட் ஹாஸ்கெட் நெட்டி பாஸ்கமின் வீட்டுக்குப் போனபோது அவள் கூடத்துத் தரையில் மண்டியிட்டுப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாசற்கதவு திறந்தே கிடந்தது. நாற்காலிகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. நாலு விரிப்புகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள். அதை நீளவாக்கில் மடிப்பாள், உள்ளங்கையால் நீவுவாள், எண்ணுவாள், பிறகு உதறிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"மிஸ் நெட்டி, ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"பதினோராவது மடிப்பு போட்டேனா இல்லையான்னு மொதல்ல சொல்லு. அப்புறம் சாப்பிடறேன்."

"நீங்க எப்பவும் போடறவங்கதானே."

"எப்பவும் போடறவதான். அன்னிக்குப் போட்டேனா? கை ஞாபகம் வெச்சிருக்கும்னு பாத்தேன். நேத்துலேர்ந்து இதோட மல்லாடிட்டிருக்கேன். கையும் பேசமாட்டேங்குது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது முகம் ஒரே நாளில் எழுபதுக்குப் போயிருந்தது. "உன் படச்சுருள் கிடைச்சுதா?"

"கிடைக்கல. கடற்படைக்காரங்க தேடறத நிறுத்திட்டாங்க. புயல் வருதாம்."

அவள் மறுபடி விரிப்பை உதறினாள்.

அது 1964 செப்டம்பர். அதற்கு முந்தின நாள் காலை கனவெரல் முனையிலிருந்து ஆளில்லாத விண்கலம் ஒன்று மேலே போனது. உள்ளே ஆட்களுக்குப் பதில் மணல் நிரப்பிய இரண்டு பொம்மைகள். போனதெல்லாம் சரியாகத்தான் போனது. திரும்பி இறங்கும்போது பாராசூட் முழுசாக விரியாமல் ஒரு பக்கம் கிழிந்தது. கலம் கல்லாகக் கடலில் விழுந்து, இரண்டாயிரம் அடி ஆழத்துக்குப் போய்விட்டது. ஐந்து வாரத்தில் அதே மாதிரிக் கலத்தில் பொம்மைகளுக்குப் பதில் இரண்டு ஆட்கள் உட்காருவதாக இருந்தது.

பாராசூட்டை மடித்துக் கட்டியவள் நெட்டி. யுத்த காலத்திலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. அவள் மடித்த துணியில் தொங்கி ஆயிரக்கணக்கான பையன்கள் பிரான்ஸில் குதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாராசூட்டோடும் ஒரு அட்டை உண்டு. மடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணைக் குழுவின் மேஜைமேல் இப்போது அந்த அட்டை கிடந்தது. கோட்டும் சூட்டும் போட்ட இரண்டு பேர் அவளிடம் வந்து, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் சண்டையா, கண்ணாடியை எப்போது மாற்றினீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

லீலண்டின் வேலை காமிரா. கலத்துக்குள் ஆள் இல்லாத இடத்தில் அவனுடைய சினிமா காமிராக்கள்தான் கண். மனிதன் இமைக்கிற நேரத்தில் நடந்து முடிகிற காரியத்தை அவை நொடிக்கு அறுபத்து நாலு படமாகப் பிடித்து வைக்கும். பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கலத்தின் உச்சியில், பாராசூட் வெளியே பாய்கிற வாய்க்குப் பக்கத்திலேயே, மேல்நோக்கி ஒரு காமிரா வைத்திருந்தான். கலம் கடலில் விழுவதற்குச் சற்று முன்னால் படச்சுருளை மட்டும் சுமந்த ஆரஞ்சு நிறக் கோளம் தனியாகக் கழன்று, கைக்குட்டை போன்ற குட்டிப் பாராசூட்டில் இறங்கி மிதக்கும். இரண்டு நாளாக விமானங்களும் கப்பல்களும் தேடியது அந்தக் கோளத்தைத்தான்.

வெள்ளி காலை குழுத் தலைவர் கெஸ்லர் அவனைக் கேட்டார்: "மிஸ்டர் ஹாஸ்கெட், பாராசூட் கயிறு உங்க காமிரா மூடியில சிக்கியிருக்க வாய்ப்பு உண்டா?"

"வாய்ப்பே இல்ல, சார். நாலு அங்குலம் இடைவெளி இருக்கு."

உடனே எல்லோர் கண்ணும் அந்த அட்டைக்குப் போனது.

நாலு அங்குலம் என்பது ஜூன் மாதக் கணக்கு. ஜூலையில் படம் இன்னும் நன்றாக விழட்டும் என்று லீலண்டே மூடியை ஒன்றரை அங்குலம் உயர்த்தினான். முறைப்படி தாள் எழுதி, மேலே அனுப்பி, கையெழுத்தும் வாங்கினான். இரண்டரை அங்குலமே தாராளம் என்பது அவன் நம்பிக்கை. குழுவில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவன் வாயிலிருந்து பழைய கணக்கு வந்துவிட்டது. வந்த பிறகு திருத்துவது நன்றாக இருக்காது என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டான். படம் கிடைத்துவிட்டால் போதும். மூடி மேல் தப்பில்லை என்று தெரிந்துவிடும். பிறகு நாலா இரண்டரையா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

"மிஸ் நெட்டி, திங்கக்கிழமைதான் குழு முடிவு எழுதும். நாளைக்கு நான் கடலுக்குப் போறேன்."

"கப்பற்படைக்கே கிடைக்காதது உனக்குக் கிடைக்குமா?"

"அவங்க கலம் விழுந்த இடத்தைச் சுத்தியே தேடினாங்க. நீரோட்டம் வடக்க இழுத்துட்டுப் போயிருக்கும்."

நெட்டி விரிப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். "என் காலணி எங்கன்னு பாரு" என்றாள்.

சனிக்கிழமை விடியும்போது இருவரும் செயின்ட் அகஸ்டின் இறால் படகுத் துறையில் நின்றார்கள். ஐந்து படகுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆறாவது ஆள் வைலி. பல்லிடுக்கில் தீக்குச்சியைக் கடித்தபடி கயிறுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாப் படகும் உள்ள வருது, நீங்க வெளிய போகணுங்கறீங்க. என்னத்தைத் தேடறீங்க, புதையலா?"

"ஒரு பந்து" என்றான் லீலண்ட். "தர்பூசணி அளவு. ஆரஞ்சு நிறம்."

"பந்தா!" வைலி பக்கத்துப் படகுக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தான். "அட்லாண்டிக்ல ஒரு பந்து! வீட்டுப் பின்னாடி வேலிக்கு அந்தப் பக்கம் பாத்தீங்களா?"

நெட்டி பலகையில் ஏறி, படகுக்குள் இறங்கி, குவித்திருந்த வலைமேல் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இறங்கும்மா."

"தம்பி, என் பேரு இன்னிக்கு பேப்பர்ல வந்திருக்கு. ரெண்டாம் பக்கம். பாத்தியா?"

"நான் வானிலையைத் தவிர ஒண்ணும் பாக்கறதில்ல."

"நல்லது. அப்ப நான் சொல்றேன். மேலேர்ந்து வந்த கலம் என்னாலதான் விழுந்துச்சுங்கறாங்க. அடுத்த மாசம் ரெண்டு பேரு ஏறப் போறாங்க. ரெண்டு பேருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. அவங்களும் ஒரு துணியிலதான் தொங்கணும். போன தடவை எதனால கிழிஞ்சுதுன்னு தெரியாமயே தொங்கணும். அந்தப் பந்துக்குள்ள அது இருக்கு. நீ என்னைத் தூக்கித்தான் வெளிய போடணும். நான் கொஞ்சம் கனம்."

வைலி தீக்குச்சியைத் துப்பினான். வானத்தைப் பார்த்தான். "மூணு மணி வரைக்கும்தான். மூணு அடிச்சா நீங்க அழுதாலும் திருப்பிடுவேன்."

ஏழு மணி நேரம் கிழக்கே போனார்கள். லீலண்ட் காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டு முழங்காலில் வளைய ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தான். கோளத்திலிருந்து அடையாள ஒலி அனுப்பும் கருவி நாற்பது மணி நேரம்தான் கூவும். அந்தக் கெடு விடிகாலையிலேயே முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் காதை எடுக்க மனம் வரவில்லை. இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

"அதைக் கழட்டுங்க காமிராக்காரரே" என்றான் வைலி. "நீரோட்டத்து ஓரத்துல பாசி வரிசை கட்டி நிக்கும். கடல்ல மிதக்கறதெல்லாம் கடைசியில அங்கதான் ஒதுங்கும். கண்ணை வெச்சுத் தேடுங்க."

பாசி வரிசை மஞ்சள் சாலை மாதிரி வடக்கே நீண்டு கிடந்தது. அதில் பெட்டிப் பலகை, விளக்குக் குமிழ், செத்த ஆமை, ஒற்றைச் செருப்பு. ஒரு மணிக்கு நெட்டி "அதோ!" என்று கத்தினாள். ஆரஞ்சு நிறம்தான். கிட்டே போனால் நண்டுக் கூண்டின் மிதவை. அவள் முகத்தை லீலண்ட் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. இரண்டு மணிக்குத் தென்கிழக்கு கறுத்தது. அலை படகின் விளிம்புக்கு மேலே எழும்பியது. மூன்றாக இருபது நிமிடம் இருந்தபோது வைலி சுக்கானைத் திருப்ப ஆரம்பித்தான்.

"இன்னும் மணி ஆகல!" என்றாள் நெட்டி.

"அலைக்கு மணி பாக்கத் தெரியாதும்மா."

"தம்பி, உன் காலைப் பிடிக்கறேன். அந்தக் கோடி வரைக்கும். அந்தக் கோடி வரைக்கும் மட்டும்."

வைலி ஏதோ கெட்ட வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டு மறுபடி நேராக்கினான். அந்தக் கோடியில்தான், பாசிக்கடியில் வெள்ளையாக ஏதோ ஜெல்லிமீன்போல் அசைந்தது. நெட்டிதான் பார்த்தாள். ஆரஞ்சுக் கோளம் தென்படுவதற்கு முன்னாலேயே துணியை அவள் கண்டுகொண்டாள். "அது என் தையல்" என்றாள். "அந்தக் குட்டியும் நான் மடிச்சதுதான். விரிஞ்சிருக்கு பாரு. லீலண்ட், அது நல்லா விரிஞ்சிருக்கு."

கொக்கிக் கழி மூன்று தடவை வழுக்கியது. நான்காவது தடவை படகு சாய்ந்ததில் கழியே கையைவிட்டுப் போயிற்று. லீலண்ட் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தான். யாரும் குதிக்கச் சொல்லவில்லை. தண்ணீர் அவனைப் படகின் வயிற்றில் கொண்டுபோய் அறைந்தது. பாசி வாயில் அடைத்தது. கோளத்தைக் கட்டிப்பிடித்தபோது ஒரு கால் பாராசூட் கயிற்றில் மாட்டிக்கொண்டது. கீழே போனான். மேலே வந்தான். மறுபடி கீழே போனான். கையை விட்டால் பிழைத்துவிடலாம் என்று தோன்றியது. விடவில்லை. அது தைரியமல்ல, வெறுங்கையோடு மேலே வந்தால் திங்கட்கிழமை அந்த அறையில் போய் உட்கார வேண்டுமே என்ற பயம்.

வைலியும் நெட்டியும் சேர்ந்து மீன் இழுப்பதுபோல் அவனை இழுத்துப் போட்டார்கள். கோளத்தில் விரல் நுழைகிற வெடிப்பு. ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் களக்களக் என்றது.

"போச்சா?" என்றாள் நெட்டி.

"காயவிட்டாத்தான் போகும். காய்ஞ்சா சுருள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். உப்புத் தண்ணியும் ஆகாது, அரிச்சிடும். நல்ல தண்ணி வேணும். வைலி, குடிக்கிற தண்ணி எவ்வளவு இருக்கு?"

"குடிக்கிறதுக்கு இருக்கு."

"அத்தனையும் வேணும்."

"யோவ், கரைக்குப் போக விடிஞ்சிடும்யா! புயல்ல எஞ்சின் நின்னா எத்தனை நாளோ!"

நெட்டி அதற்குள் தண்ணீர்க் குடுவையைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குள் கவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். லீலண்ட் கோளத்தை உடைத்து, ஒளி புகாத படச்சுருள் டப்பாவை அப்படியே அதில் அமிழ்த்தினான். வைலி மிச்சமிருந்த காபிப் பிளாஸ்கை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "இதுல கை வெச்சா ரெண்டு பேரையும் கடல்ல தள்ளிடுவேன்" என்றான்.

திரும்பும் வழி முழுக்கப் படகு எழும்பி எழும்பி விழுந்தது. நெட்டி ஐஸ் பெட்டியைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"லீலண்ட், படத்துல உன் மூடிதான் தப்புன்னு வந்தா?"

"வராது."

"எப்படிப்பா உன்னால அவ்வளவு உறுதியா இருக்க முடியுது? என் தப்புன்னே வரட்டும், எனக்குக் கவலை இல்ல. தெரிஞ்சிட்டாப் போதும். தெரியாம இருக்கறதுதான் என்னைத் தின்னுது. கண்ணை மூடினா அந்தத் துணிதான். மடிக்கிறேன், மடிக்கிறேன், பத்தோட நின்னுடுது."

ஜூலையில் ஏற்றிய ஒன்றரை அங்குலத்தைச் சொல்ல அப்போது அவன் வாய் திறந்தான். ஒரு பெரிய அலை வந்தது. மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லீலண்ட் தன் வீட்டுக் கொட்டகையிலிருந்த இருட்டறைக்குள் போனான். கம்பெனி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனால் ஆள் சேரும், தாள் எழுதச் சொல்வார்கள், அதற்குள் சுருள் அழுகிவிடும் என்று நெட்டியிடம் சொன்னான். அது உண்மைதான். முதலில் தான் மட்டும் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை. நெட்டி வெளியே, கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள்.

படலம் ஊறிக் கஞ்சி ஏடுபோல் இருந்தது. முதலில் ஃபார்மலினில் போட்டு இறுக வைத்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவினான். வெளிச்சுற்றுகள் போயே போயின. விரல் பட்டாலே வழிந்தன. நடுச் சுற்றில் முப்பதடி நின்றது. ஈரத்தோடு கண்ணாடிமேல் விரித்து, கீழே விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியைக் குனிந்து வைத்தான்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: இருண்ட வானம் வெளுத்தும், வெள்ளைத் துணி கறுத்தும் இருந்தன. பாராசூட் வாயின் மூடி பறந்து போகிறது. துணி நாடாபோல் நேராக மேலே பாய்கிறது. அதிலிருந்து மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. அவன் எண்ணினான். பதினொன்று. பிசகே இல்லை.

அடுத்த படங்களில் ஒரு கயிறு தளர்ந்து வளையமாகி, கண்ணாடி வில்லைக்கு முன்னால் இறங்கியது. ஒரு மூலையில் காமிரா மூடியின் விளிம்பு தெரிந்தது. கயிறு அந்த விளிம்புக்குக் கீழே வழுக்கிப் போய், அடுத்த படத்தில் இறுகியது. அதற்கடுத்ததில் படமே ஆடியது. பிறகு மேலே துணியில் ஒரு வெள்ளைக் கீறல். பத்தொன்பது படங்கள். நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒன்றரை அங்குலம் கீழே இருந்திருந்தால் கயிறு அந்த விளிம்பைத் தொட்டிருக்காது. காமிரா தான் கொன்றதைத் தானே படம் பிடித்திருந்தது. அவன் அதற்கு நல்ல இடம் பார்த்துக் கொடுத்திருந்தான்.

லீலண்ட் வாளியில் வாந்தி எடுத்தான். திரும்பி வந்து கண்ணாடிப் பலகைமுன் நின்றான். படலம் இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. பத்தொன்பது படம், ஆறு அங்குல நீளம். கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தால் போதும். கடல் தண்ணீர் அரித்துவிட்டது என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? மடிப்பு அவிழ்கிற படங்களை மட்டும் காட்டினால் நெட்டியும் தப்பித்துவிடுவாள். யாருக்கும் பழியில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

கட்டைவிரலை வைத்தான். கயிறு இறுகுகிற படம் கறுப்புக் குழம்பாக விரலோடு வந்தது.

அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். காரணம் தெரியவில்லை என்று எழுதினால் அடுத்த கலம் அப்படியே போகும். அதன் உச்சியில் அதே மாதிரி மூடியைப் போன வாரம் அவனே திருகி முடித்திருந்தான். வெளியே நெட்டி இருமுவது கேட்டது. இந்த நிமிஷம் வரை அவள் கை அவளிடம் பேசவில்லை.

கதவைத் திறந்தான். "மிஸ் நெட்டி, உள்ள வாங்க."

அவள் பூதக்கண்ணாடிக்கு மேல் குனிந்தாள். உதடு அசைந்தது. "ஒம்பது... பத்து... பதினொண்ணு." அங்கேயே நின்றாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். தோள் குலுங்கியது. அழுது முடிக்கும்வரை அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் அடுத்த படங்களுக்கு நகர்ந்தாள்.

"நாலு அங்குலம்னியே."

"ரெண்டரை. ஜூலையில நான்தான் ஏத்தினேன்."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"வாயில வந்துடுச்சு. திருத்தல."

அவள் அறைந்தாள். படகுக் கயிறு இழுத்து உரிந்த கை. அறைந்ததில் அவளுக்கே வலித்திருக்கும். "மூணு நாளு! மூணு நாளா நான் மனுஷியா இல்ல, தெரியுமா உனக்கு? பைத்தியம் பிடிச்சிடும்னு நெனச்சேன். நீ என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டீங்களான்னு கேக்கறே!" மூச்சு வாங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த கலத்துல அந்த மூடி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இங்க என்ன நின்னுட்டிருக்கே? கெஸ்லருக்குப் போனைப் போடு."

திங்கட்கிழமை அறையில் விளக்கை அணைத்துப் படங்களைப் பெரிதாகச் சுவரில் போட்டார்கள். கெஸ்லர் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். ஒரு இடத்தில் கையை உயர்த்தினார்.

"இந்த ஒரு படம் மட்டும் ஏன் இப்படி? கடல் தண்ணியா?"

"இல்ல சார். என் விரல்."

"கழுவும்போது தெரியாம பட்டிருக்கும்."

அவர் தப்பிக்க வழி விட்டுத்தான் சொன்னார் என்று லீலண்டுக்குப் புரிந்தது. சுவரோரம் நெட்டி கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இந்த விரல் விஷயம் அவளுக்கும் தெரியாது.

"தெரிஞ்சுதான் தேய்ச்சேன்" என்றான். "எல்லாத்தையும் அழிக்கப் பாத்தேன். ஒண்ணோட நின்னுட்டேன்."

விளக்கைப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் அவன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

வண்டி நிறுத்தத்தில் நெட்டி அவனுக்காகக் காத்திருந்தாள். "அந்த விரலை நான் மன்னிக்க மாட்டேன்" என்றாள். "நீயே அதை எடுத்துட்டேங்கறதையும் மறக்க மாட்டேன். ரெண்டும் இருக்கட்டும்." காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

கலம் ஏழு வாரம் தாமதமாகப் போனது. உச்சியில் காமிரா இல்லை. பாராசூட்டை நெட்டி மடித்திருந்தாள். அது திரும்பி இறங்கிய காலையில் லீலண்ட் வைலியின் படகில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தான்; வேறு யாரும் வேலை கொடுக்கவில்லை. ரேடியோவைக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு படகின் பின்கோடிக்குப் போய்விட்டான். கடல் அமைதியாக இருந்தது. நேரம் நகரவே இல்லை.

சுக்கான் அறைக்குள்ளிருந்து வைலி தலையை நீட்டினான்.

"காமிராக்காரரே! விரிஞ்சிடுச்சாம்யா! ரெண்டு பேரும் தண்ணியில மிதக்கறாங்களாம், ஒருத்தன் வாந்தி எடுக்கறானாம்!"

லீலண்ட் தலையாட்டினான். கூடையைக் கீழே வைக்கப் பார்த்தான். கை விடவில்லை. கூடையோடு அப்படியே ஈரப் பலகையில் உட்கார்ந்துவிட்டான்.